வந்தாராம், சொன்னாராம்: பள்ளிப் பிள்ளைகளுக்கு எழுத்தாளரைத் தேடவும் ஆதாரம் காட்டவும் கற்றுக்கொடுப்பது

"கலாம் ஐயா வறுமையில் வாடி, பேப்பர் போட்டுப் படித்து, குடியரசுத் தலைவர் ஆனார்." ஏழாம் வகுப்பில் முதன்முதலாக எழுத்தாளர் அறிமுகக் கட்டுரை எழுதச் சொன்னபோது வந்த நோட்டுகளில் பாதிக்கு மேல் இந்த வரியோ இதன் தம்பியோ இருந்தது. "இது உனக்கு எப்படித் தெரியும்?" என்று ஒரு பையனைக் கேட்டேன். "எல்லாரும் சொல்றாங்க டீச்சர்" என்றான். அவன் அப்பா பாம்பனில் நாட்டுப்படகு வைத்திருக்கிறார். தென்கடலில் மீன் படுகிறது என்று எல்லாரும் சொன்னால் மறுநாள் வல்லத்தை எடுத்துவிடுவாரா என்று கேட்டேன். "மாட்டாரு. யாரு சொன்னான்னு கேப்பாரு, அவங்க எப்ப போயிட்டு வந்தாங்கன்னு கேப்பாரு."

அதே கேள்விதான் இங்கேயும். பிள்ளைகளுக்கு ஆதாரம் கேட்கும் பழக்கம் வீட்டிலேயே இருக்கிறது. நோட்டைத் திறந்ததும் அது காணாமல் போய்விடுகிறது, அவ்வளவுதான். பேச்சில் "அவரு இங்கதான் படிச்சாராம்" என்று சொல்கிற பிள்ளை, கட்டுரையில் "அவர் இங்கு படித்தார்" என்று எழுதும். அந்த 'ஆம்' எங்கே போனது? நான் பார்க்கவில்லை, ஒருவர் சொல்லிக் கேட்டேன் என்று ஒரே அசையில் ஒப்புக்கொள்ள நம் மொழியில் வழி இருக்கிறது. தொல்காப்பியரே 'என்மனார் புலவர்' என்றும் 'என்ப' என்றும் முன்னோர் மேல் பொறுப்பை வைத்துத்தான் சூத்திரம் சொல்கிறார். ஆகவே ஆதாரம் காட்டுவதை ஏதோ வெளிநாட்டுச் சரக்கு மாதிரி அறிமுகம் செய்யாதீர்கள். உதிர்ந்துபோன 'ஆம்' என்பதைத் திரும்ப ஒட்டி, யார் சொன்னது, எங்கே சொன்னது என்று கூடச் சேர்ப்பதுதான் வேலை.

ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை முதல்முறையாக இதைச் செய்யப் போகிற ஆசிரியர்களுக்காகவும், மாலை வகுப்பு எடுக்கிற தன்னார்வலர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். வாரம் ஒரு நூலகப் பீரியடு வீதம் ஆறு வாரம் போதும். காலாண்டுத் தேர்வுக்கு முன்பே முடித்துவிடுங்கள். அக்டோபர் பிறந்தால் இந்தக் கரையில் மழை, புயல் அறிவிப்பு, விடுமுறை என்று வாரங்கள் கரைந்துவிடும்.

யாரைத் தேடுவது

இஷ்டத்துக்கு விட்டால் வகுப்பு முழுக்கக் கலாமைத்தான் எடுக்கும். அதைத் தடுக்க வேண்டாம், பயன்படுத்திக்கொள்ளுங்கள். முதல் இரண்டு வாரம் கலாமை வகுப்பே சேர்ந்து தேடட்டும். முறை பிடிபட்ட பிறகு, நான்கு பேர் கொண்ட குழுவுக்கு ஓர் எழுத்தாளர் என்று பிரித்துக்கொடுங்கள்.

நம் பக்கத்தில் ஆளுக்குப் பஞ்சமில்லை. சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரும் அவரை ஆதரித்த கீழக்கரை வள்ளல் சீதக்காதியும் இருக்கிறார்கள். ராமநாதபுரத்தில் சமாதி கொண்ட தாயுமானவர் இருக்கிறார். 1901இல் மதுரைத் தமிழ்ச்சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர் ராமநாதபுரத்துச் சேதுபதிகளின் உறவு. அவரைப் புரவலர் என்றுதான் பலருக்குத் தெரியும், ஆனால் பன்னூற்றிரட்டு என்று பாட்டுகளைத் தொகுத்தவரும் கூட. உள்ளூர்க்காரரை எடுப்பதில் ஒரு லாபம்: கல்லறை, தெருப்பெயர், பள்ளிப் பெயர், பாட்டி வாய்க்கதை என்று புத்தகத்துக்கு வெளியேயும் தடயம் கிடைக்கும்.

ஒரு சின்னக் குழப்பத்தை முன்கூட்டியே தீர்த்துவிடுங்கள். தமிழில் 'ஆசிரியர்' என்றால் நூல் எழுதியவரும்தான், பாடம் நடத்துகிறவரும்தான். "ஆசிரியர் பெயர் எழுது" என்று சொன்னதற்கு என் பெயரை எழுதி வைத்த பிள்ளைகள் உண்டு. முதல் நாளிலிருந்தே 'நூலாசிரியர்' என்று சொல்லிப் பழக்குங்கள்.

தேடுவதற்கு முன் கேள்வி

தமிழ்ப் பாடநூலில் செய்யுளுக்குப் பக்கத்தில் வரும் 'நூல்வெளி' பெட்டி நல்ல தொடக்கம். பிறந்த ஊர், காலம், எழுதிய நூல்கள் என்று நாலைந்து வரியில் முடிந்துவிடும். அதைப் படிக்கவைத்து, "இதில் இல்லாதது என்ன?" என்று கேளுங்கள். அவர் எப்படிச் சம்பாதித்தார், அவர் புத்தகத்தை முதலில் அச்சிட்டது யார், நம் ஊருக்கு அவர் வந்திருக்கிறாரா என்று கேள்விகள் வரும். குழுவுக்கு மூன்று கேள்வி போதும். பத்து கேள்வி எழுதினால் பத்தும் அரைகுறையாக நிற்கும். கேள்வி இல்லாமல் தேடப் போகிற பிள்ளை, கண்ணில் பட்டதையெல்லாம் அள்ளிக்கொண்டு வரும்.

எங்கே தேடுவது

முதலில் புத்தகம். பள்ளி நூலக அலமாரி, அப்புறம் ஊர்க் கிளை நூலகம், முடிந்தால் ஒரு சனிக்கிழமை ராமநாதபுரம் மாவட்ட மைய நூலகம். கிளை நூலகத்தில் நூலகரிடம் ஒரு வாரம் முன்பே பட்டியல் கொடுத்துவிடுங்கள். நாற்பது பிள்ளைகளோடு திடீரென்று போய் நின்றால் அவருக்கும் சங்கடம், உங்களுக்கும் சங்கடம்.

இணையத்தில் மூன்று இடங்கள் போதும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்கள் பக்கம் பக்கமாகப் படமாகவே கிடைக்கின்றன. தலைப்புப் பக்கத்தையும் பார்க்க முடிவதால் நம் வேலைக்கு அதுவே சிறந்தது. 1998இலிருந்து தன்னார்வலர்கள் நடத்திவரும் மதுரைத் திட்டத்தில் இலக்கிய நூல்கள் தட்டச்சு வடிவில் கிடைக்கும். தட்டச்சு செய்தவர், பிழை பார்த்தவர் பெயரையும் அங்கே முதலிலேயே போட்டிருப்பார்கள். பிள்ளைகளுக்கு அதைக் காட்டுங்கள், உழைத்தவர் பெயரைச் சொல்வது என்றால் இதுதான். மூன்றாவது விக்கிப்பீடியா. சிலர் அதைத் தொடவே கூடாது என்பார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அது வாசற்படி, வீடு அல்ல. பக்கத்தின் அடியில் 'மேற்கோள்கள்' என்று ஒரு பகுதி இருக்கும். அங்கே குறிப்பிட்டிருக்கும் நூலைத் தேடிப் போகச் சொல்லுங்கள். அங்கே மேற்கோளே இல்லையென்றால் அந்தத் தகவலை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள்.

எழுத்துக்கூட்டலில் பிள்ளைகள் நிறைய நேரம் விடுவார்கள். 'சீராபுராணம்' என்று தட்டினால் வேண்டியது சரியாக வராது, 'சீறாப்புராணம்' வேண்டும். கலாமின் முன்னெழுத்து ஒரு நூலில் ஏ.பி.ஜே., இன்னொன்றில் ஆ.ப.ஜெ., மற்றொன்றில் அ.ப.ஜெ. என்று இருக்கும். நம் ஊரே இராமநாதபுரம், ராமநாதபுரம், ராம்நாடு, முகவை என்று நாலு பெயரில் உலவுகிறது. ஒவ்வொரு குழுவும் தேடும் முன் தங்கள் எழுத்தாளரின் பெயரை எத்தனை விதமாக எழுத முடியும் என்று பட்டியல் போடட்டும்.

வாட்ஸ்அப்பில் வரும் 'கலாம் பொன்மொழி' படங்களை என்ன செய்வது? ஒரு பாடமாகவே வையுங்கள். ஆளுக்கொரு படம் கொண்டுவரச் சொல்லி, எந்த நூலில், எந்தப் பேச்சில், எந்தத் தேதியில் என்று அந்தப் படத்திலேயே இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அநேகமாக இருக்காது. அண்ணன் போனில் ஏஐயிடம் கேட்டு வருகிற பிள்ளைகளும் உண்டு. அது இல்லாத நூலுக்கும் அழகாகப் பெயர் வைத்துவிடும். அது சொன்ன புத்தகத்தைக் கண்ணால் பார்த்த பிறகே நோட்டில் ஏற்றலாம் என்று ஒரே ஒரு விதி போட்டுவிடுங்கள்.

புத்தகத்தை எப்படித் திறப்பது

இதற்கு ஒரு பீரியடு முழுவதும் ஒதுக்குங்கள். வீண்போகாது. ஒவ்வொரு பெஞ்சுக்கும் ஒரு புத்தகம் கொடுத்து, கதையைப் படிக்காதே, அட்டையையும் முதல் நாலு பக்கத்தையும் மட்டும் பார் என்று சொல்லுங்கள்.

அக்னிச் சிறகுகளை எடுத்துக்கொள்வோம். பிள்ளைகள் "எழுதியவர் கலாம்" என்று சொல்லி மூடப் பார்ப்பார்கள். விடாதீர்கள். ஆங்கில மூலம் 1999இல் வந்தது. கலாமோடு சேர்ந்து எழுதியவர் அருண் திவாரி. தமிழில் தந்தவர் மு. சிவலிங்கம். நாம் தமிழில் படிக்கிற சொற்கள் கலாமுடையவையா, சிவலிங்கத்துடையவையா? இந்தக் கேள்விக்கு வகுப்பு இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. முடிவு என்று ஒன்றும் வரவில்லை. ஆனால் அன்றிலிருந்து 'தமிழில்' என்று ஒரு வரி சேர்த்து எழுத மறந்தவர்கள் குறைவு.

அடுத்தது தலைப்புப் பக்கத்தின் பின்பக்கம். பதிப்பகம், ஊர், ஆண்டு, பதிப்பு எல்லாம் அங்கேதான் பொடி எழுத்தில் இருக்கும். பிள்ளைகள் முதலில் விலையைத்தான் எழுதுவார்கள். விலை வேண்டாம் என்று சொல்லுங்கள். 'முதற்பதிப்பு' என்று ஓர் ஆண்டும் 'பன்னிரண்டாம் பதிப்பு' என்று ஓர் ஆண்டும் இருந்தால், கையில் இருக்கும் பிரதியின் ஆண்டை எழுத வேண்டும். பக்க எண் அந்தப் பிரதிக்குத்தானே பொருந்தும்.

ஆண்டு விஷயத்தில் தமிழ்ப் புத்தகங்கள் பெரியவர்களையே சுற்றவைக்கும். ஒரு சிறுமி தான் எடுத்த நூல் 2041இல் வெளிவந்தது என்று எழுதியிருந்தாள். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்துவிட்டேன். புத்தகத்தை வாங்கிப் பார்த்தால் 'தி.ஆ. 2041' என்று அச்சாகியிருந்தது. திருவள்ளுவர் ஆண்டு. அதிலிருந்து 31 கழித்தால் 2010. அவள் எழுதியதில் பிழையில்லை, அவசரமாகச் சிரித்த நான்தான் மன்னிப்புக் கேட்டேன். இன்னும் பழைய நூல்களில் 'விகாரி வருடம்' என்பது போல மட்டும் இருக்கும். அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வருவதால், அதை வைத்து ஆங்கில ஆண்டை ஊகித்து எழுத விடாதீர்கள். இருப்பதை இருக்கிறபடி எழுதட்டும். ஆண்டே இல்லையென்றால் 'ஆண்டு இல்லை' என்று எழுதுவதே முறை.

காலண்டர் தாளில் குறிப்பு

நோட்டில் குறிப்பு எடுக்கவைத்தால் எது எங்கிருந்து வந்தது என்று ஒரு வாரத்தில் கலந்துவிடும். நான் தினசரி காலண்டரில் கிழித்த தாள்களைக் கொண்டுவரச் சொல்வேன். எல்லா வீட்டிலும் கிடைக்கும், காசு கிடையாது. வெள்ளையாக இருக்கும் பின்பக்கத்தில் ஒரு தாளுக்கு ஒரே ஒரு தகவல். தகவலுக்கு அடியில் நூலின் பெயரும் பக்க எண்ணும். பக்க எண் இல்லாத தாளை நான் வாங்குவதே இல்லை. முதல் வாரம் முணுமுணுப்பார்கள். மூன்றாம் வாரம், "நீ எங்க பாத்த, பக்கம் சொல்லு" என்று அவர்களே ஒருவரையொருவர் கேட்பார்கள்.

எழுதும் நாளன்று தாள்களைத் தரையில் பரப்பி, ஒத்தவற்றைச் சேர்த்து அடுக்கினால் கட்டுரையின் பத்திகள் தாமாகப் பிரிந்துவிடும். மின்விசிறியை மட்டும் நிறுத்திவிடுங்கள்.

பார்த்து எழுதாமல் எழுதுவது

"சொந்த நடையில் எழுது" என்று சொன்னால் பிள்ளைகளுக்கு ஒன்றும் புரியாது. இரண்டு சொல்லை மாற்றிவிட்டு முடித்துவிட்டேன் என்பார்கள். நான் செய்வது இது: அக்னிச் சிறகுகளில் வரும் ஒரு செய்தியைக் கரும்பலகையில் எழுதுவேன். "போர்க்காலத்தில் இராமேஸ்வரம் நிலையத்தில் ரயில் நிற்பது ரத்தானதால், பத்திரிகைக் கட்டுகள் ஓடும் வண்டியிலிருந்து வீசப்பட்டன. அவற்றைப் பிடித்துத் தர விநியோகஸ்தரான உறவினருக்கு ஓர் உதவியாள் தேவைப்பட்டது. அந்த வேலையில்தான் கலாம் முதல் சம்பளம் வாங்கினார்." இரண்டு முறை படித்ததும் அழித்துவிடுவேன். பக்கத்துப் பெஞ்சுக்காரருக்கு வீட்டுப் பேச்சில் சொல்ல வேண்டும்.

"சண்ட நடந்தப்ப ரயிலு இங்க நிக்கலையாம்டா. பேப்பர் கட்ட வண்டியிலருந்தே வீசுவாங்களாம். இவரு நின்னு புடிச்சுக் குடுத்திருக்காரு, அதுக்குக் காசு."

நிக்கலையாம், வீசுவாங்களாம். 'ஆம்' தானாக வந்துவிட்டதா? இப்போது அதை எழுத்துத் தமிழுக்கு மாற்றச் சொன்னால் இப்படி வரும்: "போர் நடந்தபோது ராமேஸ்வரத்தில் ரயில் நிற்கவில்லை. ஓடும் வண்டியிலிருந்து வீசப்படும் செய்தித்தாள் கட்டுகளைப் பிடித்துக் கொடுப்பதே தனக்கு முதல் சம்பளம் தந்த வேலை என்று கலாம் அக்னிச் சிறகுகளில் எழுதுகிறார்." 'நிக்கலையாம்' என்பது 'என்று எழுதுகிறார்' ஆகிவிட்டது. ஆதாரமும் வந்துவிட்டது, நடையும் அந்தப் பிள்ளையினுடையது.

தொடக்கத்தில் சொன்ன அந்த 'வறுமையில் வாடி' வரிக்கும் இதுதான் மருந்து. அந்த நூலில் அவர் சொல்வது வறுமைக் கதை இல்லை. அண்ணன் முறையில் இருந்த உறவினருக்குக் கைகொடுத்ததையும், முதன்முதலாகச் சொந்தக் காசைக் கையில் வாங்கியபோது ஏற்பட்ட பெருமிதத்தையும்தான் சொல்கிறார். பின்னாளில் எழுதிய இன்னொரு நூலில் பேப்பர் வேலையை இன்னும் விரிவாகவே சொல்வார். அதனால்தான் 'கலாம் சொன்னார்' என்றால் போதாது, எந்த நூலில் என்று வேண்டியிருக்கிறது.

இரண்டு நூல் இரண்டு விதமாகச் சொன்னால்

உமறுப்புலவர் குழுவுக்கு இது கட்டாயம் வரும். பிறந்த ஊர் நாகலாபுரம் என்று ஒரு நூல், கீழக்கரை என்று ஒரு நூல். அடக்கமான இடம் எட்டயபுரம் என்பதில் சிக்கலில்லை. பிள்ளைகள் உங்களிடம் ஓடி வந்து "எது சரி டீச்சர்?" என்பார்கள். தீர்ப்புச் சொல்லாதீர்கள். "நாகலாபுரம் என்று இன்ன நூலும் கீழக்கரை என்று இன்ன நூலும் கூறுகின்றன" என்று இரண்டையும் எழுதவையுங்கள். கீழக்கரைப் பிள்ளைகள் கொஞ்சம் முறுக்கிக்கொள்வார்கள். இருக்கட்டும்.

சில முரண்கள் முரணே இல்லை. தனுஷ்கோடியை அழித்த புயல் 1964 டிசம்பர் 22 என்று ஒருவரும் 23 என்று ஒருவரும் எழுதுவார்கள். இரவில் தொடங்கி நள்ளிரவைத் தாண்டிய புயல் அது. இரண்டும் சரிதான். இதை முதலில் காட்டிவிட்டு உமறுப்புலவருக்குப் போனால் பிள்ளைகள் பதற மாட்டார்கள்.

'செத்தும் கொடுத்தான் சீதக்காதி' போன்றவை வேறு வகை. வள்ளல் இறந்த பிறகு வந்த புலவருக்குக் கல்லறையிலிருந்து நீண்ட விரலின் மோதிரம் கிடைத்தது என்ற கதையைக் கீழக்கரையில் தெரியாதவர் இல்லை. அதைக் கட்டுரையில் சேர்க்கலாமா? தாராளமாக. 'என்று சொல்லப்படுகிறது' என்ற வாலோடு, யார் சொல்லிக் கேட்டது என்பதையும் சேர்த்து எழுதட்டும்.

பட்டியல் எழுதுவது

ஆங்கிலவழிப் பள்ளிகளில் குடும்பப் பெயரை முன்னால் போடும் முறையைச் சொல்லித் தருகிறார்கள். நமக்குக் குடும்பப் பெயரே கிடையாது, அப்பா பெயரின் முதல் எழுத்துத்தான். ஆய்வு நூல்களில் 'சிவலிங்கம், மு.' என்று திருப்பி எழுதுவார்கள். இந்த வயதுக்கு அது தேவையில்லை. அட்டையில் உள்ளபடியே எழுதட்டும். அகரவரிசைப்படுத்தும்போது மட்டும் முன்னெழுத்தைத் தாண்டிப் பெயரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

புத்தகத்துக்கு வரிசை இது: நூலாசிரியர், நூலின் பெயர், மொழிபெயர்ப்பு என்றால் தமிழில் தந்தவர், பதிப்பகம், ஊர், ஆண்டு, பக்கம். இணையப் பக்கம் என்றால் எழுதியவர் பெயர் இருந்தால் அது, பக்கத்தின் தலைப்பு, தளத்தின் பெயர், பார்த்த தேதி. நீண்ட முகவரியைக் கையால் எழுதவைக்காதீர்கள், ஓர் எழுத்து தவறினால் அது எங்கேயும் கொண்டுபோய்ச் சேர்க்காது. யூடியூப் பேச்சு என்றால் பேசியவர், தலைப்பு, சேனல், பதிவேறிய நாள்.

வாய்மொழிக்கும் ஒரு வரி உண்டு. புதியவர்கள் விட்டுவிடுவது இதைத்தான். அப்பத்தாவோ உம்மம்மாவோ சொன்னதைப் பிள்ளைகள் 'ஆதாரம் இல்லாதது' என்று ஒதுக்கிவிடுவார்கள். சொன்னவர் பெயர், வயது, ஊர், கேட்ட தேதி நான்கும் இருந்தால் அதுவும் ஆதாரம்தான். "உங்க பேரைப் போட்டு எழுதலாமா?" என்று முதலில் அனுமதி கேட்கச் சொல்லுங்கள். வேண்டாம் என்றால் 'மண்டபத்தைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர்' என்று எழுதினால் போதும்.

பிள்ளைகளை வெளியே கூட்டிப்போக வசதி இருந்தால் ராமேஸ்வரம் பள்ளிவாசல் தெருவில் கலாம் வீட்டுக் காட்சியகமும், பேய்க்கரும்பில் 2017இல் திறந்த நினைவிடமும் இருக்கின்றன. காட்சிப் பலகையில் படித்ததையும் 'பலகை, இடம், பார்த்த தேதி' என்று பட்டியலில் சேர்க்கலாம். போட்டோ எடுக்க விடாத இடத்தில் கையால் எழுதிக்கொள்ளட்டும், காலண்டர் தாள் எதற்கு இருக்கிறது.

மதிப்பெண்

கட்டுரையின் அழகுக்கு அதிகம் கொடுத்தால் பிள்ளைகள் திரும்பவும் அடுக்குமொழிக்கே போய்விடுவார்கள். நான் இருபதுக்கு இப்படிப் பிரிப்பேன்: காலண்டர் தாள்களுக்கு எட்டு, பட்டியலுக்கு ஐந்து, சொந்த நடைக்கு ஐந்து, கையெழுத்துக்கும் ஒழுங்குக்கும் இரண்டு. திருத்தும்போது எல்லா ஆதாரத்தையும் சரிபார்க்க நேரம் இருக்காது. ஒரு கட்டுரைக்கு ஒரு தகவலைக் கண்ணை மூடித் தொட்டு, "இந்தப் பக்கத்தை எடுத்துக் காட்டு" என்று கேளுங்கள். புத்தகம் மேசையில் இருக்க வேண்டும். ஒரு நிமிடத்தில் அந்த வரியைக் காட்டிவிட்டால் பட்டியலுக்கான ஐந்தும் முழுதாக.

போன முறை, எல்லாரும் சொல்றாங்க என்று சொன்ன அதே பையனின் முறை வந்தது. நான் தொட்ட தகவலுக்குப் பக்க எண் 12 என்று இருந்தது. 12இல் அந்த வரி இல்லை. முகம் தொங்கிப்போய் முன்னும் பின்னும் புரட்டினான். 21இல் இருந்தது. எண்ணைத் திருப்பி எழுதியிருக்கிறான். அடித்துச் சரிசெய்துவிட்டு, "இது முன்னாடியே இருந்துச்சு டீச்சர்" என்றான். ஐந்துக்கு நான்கு போட்டேன்.